சர்வீஸ் ரிசல்ட்டில் எரர்: ரெயில்ஸ் (ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) கேள்வி-பதில்

கே: சர்வீஸ் (ஒரு வேலையைச் செய்து, வெற்றி அல்லது ஃபெயிலியர் என்று ரிசல்ட் திருப்பும் கிளாஸ்) தரும் எரர்களை எல்லாம் ஒரே அர்ரேயில் தள்ளி அனுப்பினால் போதாதா?

ப: "செல்லாது" என்று மட்டும் வந்தால் ஃபார்மில் எந்தப் பெட்டிக்குக் கீழே காட்டுவீர்கள்? ஃபீல்டு பெயரோடு வையுங்கள். எந்த ஃபீல்டையும் சேராதது பேஸில் (மொத்தத்துக்கும் பொதுவான எரர் பட்டியல்) போகட்டும்.

கே: முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் இருக்கிறது. இது பேஸா, ஃபீல்டா?

ப: ஒரு பெட்டியைத் திருத்தினால் தீரும் என்றால் ஃபீல்டு. எனவே முடிவுத் தேதி. "கையிருப்பு இல்லை" என்பது பேஸ்.

கே: எல்லாவற்றுக்கும் 200 (வெற்றி என்னும் HTTP நிலை எண்) அனுப்பலாமா?

ப: கூடாது. ஃபீல்டு எரருக்கு 422, தரவு மோதலுக்கு 409, நம் கோளாறுக்கு 500.

கே: சர்வீஸ் வெடிக்கவே கூடாதாம். சர்வீஸின் call மெத்தடை முழுவதையும் ரெஸ்க்யூவில் (எரரைப் பிடிக்கும் ரூபி கட்டளை) சுற்றி, "ஏதோ தவறு" என்று ஃபெயிலியர் திருப்புகிறேன். சரிதானே?

ப: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. வெறும் ரெஸ்க்யூ, ஸ்டாண்டர்ட்எரர் வகை அத்தனையையும் பிடிக்கும். நோமெத்தட்எரரும் (இல்லாத மெத்தடை அழைத்தால் வருவது) அதில் அடக்கம். நீங்கள் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால், வாடிக்கையாளருக்கு "பிறகு முயலுங்கள்" என்று போகும். அவர் நாளெல்லாம் முயல்வார். எரர் வந்தால் நமக்குச் சொல்லும் எரர் டிராக்கரோ சும்மா கிடக்கும். எதிர்பார்ப்பதை மட்டும் பெயர் சொல்லிப் பிடியுங்கள். ரெக்கார்ட்நாட்யூனிக் (ஒரே மதிப்பு இரண்டாம் முறை பதிவாகப் பார்த்தால் வரும் எரர்) வந்தால் இமெயில் ஃபீல்டில் "ஏற்கெனவே உள்ளது" என்று சேருங்கள் (டேட்டாபேஸில் யூனிக் இண்டெக்ஸ் இருக்கிறதல்லவா? வேலிடேஷன் மட்டும் போதாது). பேமென்ட் அழைப்பில் ரீட்டைம்அவுட் (பதில் நேரத்துக்குள் வராத எரர்) வந்தால் "தோல்வி" என்று சொல்லாதீர்கள், பணம் போயிருக்கலாம். "நிலை தெரியவில்லை" என்று தனிக் குறியீடு கொடுத்துப் பிறகு சரிபாருங்கள். பொதுவானதை மேலே எழுதினால் கீழே உள்ள குறிப்பான ரெஸ்க்யூ ஓடவே ஓடாது. ஜாவா அதைக் கம்பைல் செய்யவே மறுக்கும், ரூபி தடுக்காது. எக்செப்ஷன் என்ற தாய் கிளாஸையே பிடிப்பவர்கள், கில் (ப்ராசஸை நிறுத்தும் கட்டளை) கொடுத்தும் ப்ராசஸ் ஏன் சாகவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம். பொதுப் பிடி வேண்டுமானால் கன்ட்ரோலர் அளவில் ஒரே இடத்தில், முழு டிரேஸோடு (எரர் எந்தெந்த வரி வழியே வந்தது என்ற பட்டியல்). லாக் எழுதாமல் எரரை விழுங்காதீர்கள்.

கே: மெசேஜை ஒப்பிட்டு எந்த எரர் என்று கண்டுபிடிக்கிறேன். தமிழாக்கம் செய்ததும் உடைந்துவிட்டது.

ப: உடையத்தான் செய்யும். டேக்கன், பிளாங்க் போன்ற சிம்பலை (மொழி மாறினாலும் மாறாத எரர் பெயர்) ஒப்பிடுங்கள்.

கே: வேலை செய்யவில்லை. அவசரம்.

ப: எது? ரெயில்ஸ் வெர்ஷன், டிரேஸின் முதல் 10 வரி இரண்டையும் அனுப்புங்கள். செல்போனில் எடுத்த திரையின் புகைப்படம் வேண்டாம்.

கே: ஃபெயிலியர் திருப்பியும் ஆர்டர் பதிவாகிவிட்டது!

ப: டிரான்ஸாக்ஷன் பிளாக் (உள்ளே உள்ள எல்லாம் பதிவாகும், அல்லது எதுவும் பதிவாகாது) எரர் இல்லாமல் அமைதியாக முடிந்தால் கமிட்தான், அதாவது பதிவாகிவிடும், அதற்கு உங்கள் ஃபெயிலியர் ஆப்ஜெக்ட் என்னவென்றே தெரியாது. உள்ளே ஆக்டிவ்ரெக்கார்ட் ரோல்பேக்கை (பதிவை ரத்து செய்யச் சொல்லும் எரர்) ரெய்ஸ் செய்யுங்கள். அதை அந்த பிளாக்கே விழுங்கிவிடும் என்பதால், ஃபெயிலியரை பிளாக்குக்கு வெளியே திருப்புங்கள். லாக் எழுதிவிட்டு.