ஆறு தந்தி பான்ஜோ: கிதார் கலைஞர்களின் கேள்விகளும் பதில்களும்

கிதாரிலிருந்து ஆறு தந்தி பான்ஜோவுக்கு மாறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்ற தகுதியில் மட்டுமே இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகக் கிதார் வாசிக்கிறேன். ஆறு தந்தி பான்ஜோவுக்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்கிறார் கடைக்காரர். உண்மைதானா?

இடக்கையைப் பொறுத்தவரை உண்மை. தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று அதே சுருதியில்தான் கூட்டுகிறோம். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கார்டுகள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள், எல்லாம் அப்படியே விழும். கடைக்காரர் சொல்லாமல் விட்டது வலக்கையைப் பற்றி. கிதாரின் பலகை தந்தியின் அதிர்வை மெதுவாக வாங்கி நெடுநேரம் ஒலிக்கிறது. பான்ஜோவில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் சிறு கட்டை நிற்பதோ மத்தளம் போல இழுத்துக் கட்டிய மெல்லிய தோலின் மீது. அத்தோல் தந்தியின் ஆற்றலை ஒரே விழுங்காக விழுங்கி, உரக்க ஒலித்து, உடனே அடங்கிவிடுகிறது. கிதாரில் ஒருமுறை மீட்டிவிட்டு நான்கு அட்சரம் காத்திருக்கலாம். இங்கே அந்த இடைவெளியில் ஒன்றும் மிஞ்சாது. எனவே நீண்ட ஸ்வரத்துக்குப் பதிலாகச் சிறு சிறு அடிகளால் காலத்தை நிரப்ப வலக்கை பழக வேண்டும். எனக்கு அதற்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது.

கேள்வி: ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டினால் தகரப் பெட்டியில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கிறது. கருவியில் பழுதா?

பழுது பெரும்பாலும் பழக்கத்தில்தான். கீழ்ச்சுருதித் தந்திகள் இரண்டும் தோலில் தெளிவில்லாமல் உறுமும். ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் குறுக்கே அழுத்தும் முழு பார் கார்டைப் பிடித்து ஆறையும் இழுத்தால் அந்த உறுமல் மேல்சுருதித் தந்திகளை மூடிவிடும். மேல் நான்கு தந்திகளில் மூன்று அல்லது நான்கு ஸ்வரம் கொண்ட சிறு கார்டுகளைப் பிடியுங்கள். ஈ, ஏ தந்திகளைக் கட்டைவிரலின் தனி அடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ஒலி மந்தமாக இருந்தால் தோல் தளர்ந்திருக்கலாம். அதைச் சுற்றியுள்ள கொக்கிகளின் மரைகளை எதிரெதிராகவும் கால் சுற்றுக்கு மிகாமலும் முறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று கேளுங்கள். ஒரே பக்கமாக முறுக்கி ஒரு தோலைக் கிழித்தவன் சொல்கிறேன்.

கேள்வி: உருளும் அந்தப் பான்ஜோ நடையை ஆறு தந்தியில் கொண்டுவர முடியுமா?

முடியும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றே போதும். விரல்கள் ஒரே திசையில் மாறி மாறி மீட்டும், மிக அடிப்படையான முன்னுருட்டலில் எட்டு அடிகள் 3, 3, 2 என்று பிரிகின்றன. ‘தகிட தகிட தக’ என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசித்தால் நம்மவர்க்கு ஒரு மாலைப்பொழுதில் பிடிபட்டுவிடும். மெல்லிய தந்தியை முதலாவதாக எண்ணினால், கட்டைவிரல் மூன்றாம் தந்தி, ஆள்காட்டி இரண்டாம் தந்தி, நடுவிரல் முதல் தந்தி. அதையே திரும்ப ஒருமுறை. பிறகு கட்டைவிரல், நடுவிரல். கட்டைவிரலை அவ்வப்போது நான்காம் தந்திக்கு மாற்றினால் அதற்குள்ளேயே ஒரு மெட்டு எழும். விரலுக்கு உலோகப் பிக் என்னும் மீட்டுறை போடுவதானால் அதன் தகடு நகத்தின் பக்கம் அல்லாமல் விரலின் சதைப் பக்கம் இருக்க வேண்டும். கிதார்காரர்கள் பலர் நகத்தின் நீட்சி என்று எண்ணித் தலைகீழாக மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஐந்து தந்தி பான்ஜோவில் கேட்கும் அந்தக் கூர்மையான குட்டைத் தந்தியின் ஒலி வேண்டுமே?

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஐந்தாவதான ஏ தந்தியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் 0.009 அங்குலத் தடிமனுள்ள வெறும் கம்பியைக் கட்டி, முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) ஒலிக்கும் உச்ச ஜி சுருதிக்கு ஏற்றுங்கள். பன்னிரண்டு தந்தி கிதாரில் ஜி தந்திக்கு இணையாக வருவதும் அத்தகைய கம்பிதான். முதல் தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கினால், ஐந்து முதல் ஒன்று வரை ஜி, டி, ஜி, பி, டி என்று ஐந்து தந்தி பான்ஜோவின் வழக்கமான சுருதியே வந்துவிடும். அதன் பிறகு கிதார் கார்டுகள் அப்படியே செல்லா என்பதையும், அந்த மெல்லிய கம்பி அடிக்கடி அறும் என்பதையும் ஏற்றுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: இது உண்மையான பான்ஜோவே இல்லை என்று ஐந்து தந்திக்காரர்கள் ஏளனம் செய்கிறார்கள்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 1925-இல் சிகாகோவில் தம் ஹாட் ஃபைவ் குழுவோடு முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது அதில் பான்ஜோ வாசித்த ஜானி செயின்ட் சிரின் கையில் இருந்தது ஆறு தந்திக் கருவி. அதற்கு முந்தைய ஆண்டே பாப்பா சார்லி ஜாக்சன் இதை மீட்டிப் பாடிய புளூஸ் இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் சிறுவனாக இருந்தபோது வாசித்ததும் பான்ஜோ கிதார் எனப்படும் இந்த ஆறு தந்திக் கருவிதான். ஒலிபெருக்கி இல்லாத நடன அரங்கில் டிரம்பெட்டுக்கு நடுவே கிதார் எங்கே கேட்கும்? ஆகவே இது நேற்று முளைத்த குறுக்குவழி அன்று. ஆயினும் ஐந்து தந்தியின் பாணிகளை இது முழுமையாகத் தந்துவிடும் என்று நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தாவின் ‘பான்ஜோ’ ஒன்று இருக்கிறது, தட்டச்சுப் பொறி போலப் பொத்தான்கள் உள்ளன. அதில் பழகலாமா?

அது புல்புல்தாரா. நம் நாட்டில் அதையும் பான்ஜோ என்று அழைப்பதால் வந்த குழப்பம் இது. ஜப்பானின் நகோயா நகரில் 1912-இல் உருவான தைஷோகோட்டோவின் வழிவந்த அதற்கும் இதற்கும் உறவில்லை. தாத்தாவின் கருவியைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: தந்தி மாற்றியபின் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சேரவில்லை. ஏன்?

எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றியிருப்பீர்கள். பான்ஜோவின் குதிரை ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைத் தோலின் மீது நிறுத்துகிறது. இனி ஒவ்வொரு தந்தியாக மாற்றுங்கள். இப்போதைக்கு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து எழுப்பும் மெல்லொலியையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து சற்றே விலக்குங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். தடித்த தந்திகளின் பக்கம் மயிரிழை பின்தள்ளி நிற்பது இயல்பு. இடம் சரியானதும் குதிரையின் கால்கள் நிற்குமிடத்தைத் தோலில் பென்சிலால் குறித்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியிராது.