ஒரு நவீன விளையாட்டரங்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வசதி எது?

கேள்வி கேட்டவர் மேற்கூரை, ராட்சதத் திரை, ஒளிவிளக்குகள், சொகுசு அறைகள் என்று ஒரு பட்டியலையும் கூடவே கொடுத்து, இவற்றில் எது மிக முக்கியம் என்று கேட்டிருக்கிறார். கல்லூரியில் ஏதோ ஒப்படைப்பு எழுதுகிறார் போலிருக்கிறது. அவர் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கைப்பிடிக் கம்பியின் உயரம்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

என் அக்காவுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். கால்பந்து என்றால் அவளுக்கு உயிர். நான் ஆடிய நாட்களில் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து, எனக்கு ஆஃப்சைடு விதியைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். புதிதாகத் திறந்திருந்த ஓர் அரங்கத்துக்கு அவள் பிறந்தநாளன்று டிக்கெட் வாங்கினேன். எந்த அரங்கம் என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் அதன் ரசிகர்கள் வந்து எனக்கு நன்றியுணர்வு இல்லை என்பார்கள்.

சக்கர நாற்காலிக்கென்று தனி மேடை இருந்தது. சாய்தளம் இருந்தது. நீல நிறப் பலகைகூட இருந்தது. அக்காவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். ஆடுகளம் முழுவதும் தெரிந்தது. எனக்கு. அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மேடையின் முன்னால் இருந்த கம்பி ஆடுகளத்தைக் குறுக்காக வெட்டியது. பந்து தூர ஓரத்துக்குப் போனால் கம்பிக்குள் மறைந்து, சற்று நேரம் கழித்து வெளியே வந்தது.

அது யாரோ செய்த சதி அல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தடுப்புக் கம்பிக்கு 1.1 மீட்டர் என்பது வழக்கமான உயரம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. இருக்கைகளுக்கு நேர் முன்னால் மட்டும் 800 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டனின் விளையாட்டு மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி சொல்கிறது. ‘பச்சை வழிகாட்டி’ என்று அதைச் செல்லமாகக் குறிப்பிடுவார்கள். 300 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு பள்ளிக்கூட அளவுகோலின் நீளம்.

முதல் கோல் விழுந்தபோது முன்வரிசை மொத்தமாக எழுந்து நின்றது. அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் எழுந்திருப்பேன். இடைவேளையில் ஆட்டம் எப்படி என்று அக்காவைக் கேட்டேன். "ஆட்டம் தெரியவில்லை தம்பி. ஆனால் அந்த நடுவில் நிற்பவன் சட்டையை இஸ்திரி போடவில்லை" என்றாள்.

நான் கட்டடக் கலைஞன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ‘உனக்கு என்ன தெரியும்’ என்று கேட்பவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் படித்தவன் கொஞ்சம் அதிகமாகவே படிப்பான். கேலரி கட்டுபவர்கள் ‘சி மதிப்பு’ என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். உங்கள் பார்வைக் கோடு, முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போகிறது என்பதே அது. 60 இருந்தால் தலையைச் சாய்த்து ஒப்பேற்றலாம். 90 நன்று. 120 இருந்தால் கவலையே இல்லை. பின்வரிசைகளிலும் இந்த அளவைக் காப்பாற்ற வேண்டுமானால் படிகளின் உயரம் கூடிக்கொண்டே போக வேண்டும். பெரிய அரங்குகளின் உட்புறம் கிண்ணம் போல வளைவது அதனால்தான். அதற்கும் எல்லை உண்டு. 34 பாகைக்கு மேல் செங்குத்தாகப் போக வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. எல்லாம் சரி. ஆனால் மொத்தக் கணக்கும் எல்லோரும் உட்கார்ந்தே இருப்பார்கள் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. முன்னால் இருப்பவர் எழுந்து நின்றாலும் அவர் தலைக்கு மேலே பார்வை போகும்படி மேடையைத் தூக்கிக் கட்ட வேண்டும். தூக்கினால் சில வரிசை இருக்கைகள் போகும்; இருக்கை போனால் வருமானம் போகும். சிக்கல் அவ்வளவுதான். 1990களில் வாஷிங்டனில் ஓர் உள்ளரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, உடல் செயலிழந்த முன்னாள் படைவீரர்களின் சங்கம் இதற்காகவே வழக்குத் தொடுத்தது. எழுந்து நிற்பவர்களுக்கு மேலாகப் பார்க்க முடிகிற இடங்களே சக்கர நாற்காலிகளுக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். வென்றார்கள். 1997இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

நான் அழகுக்கு விரோதி இல்லை. லண்டனின் வெம்ப்லி அரங்கத்துக்கு மேலே 133 மீட்டர் உயர வளைவு ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம் என்று தோன்றும்; ஆனால் கூரையின் பெரும்பாரத்தைத் தாங்குவது அதுதான். அதனால்தான் 90,000 பேரில் யாருடைய பார்வைக்கும் குறுக்கே தூண் இல்லை. அதே நகரில் டாட்டன்ஹாம் அணியின் அரங்கத்தில் புல்தரையே மூன்று துண்டுகளாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் போய்விடும், கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை காத்திருக்கும். கைதட்டத்தான் தோன்றுகிறது.

ஆனால் கண்ணை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் அரங்கம் ஒன்று போதும். 1965இல் திறந்தார்கள். கூரை மூடிய பிரம்மாண்டம், உள்ளே புல் வளரக் கூரையில் ஒளி புகும் பலகைகள். பகலில் அந்தக் கூச்சத்தில், உயரே அடித்த பந்து பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். புல் செத்தது. அடுத்த ஆண்டு செயற்கைப் புல் வந்தது. உலகமே பின்னால் வாங்கி விரித்த அந்தப் புல், பந்தைப் பார்க்க வேண்டியவனின் கண்ணை யோசிக்காததால் பிரபலமானது.

ஆட்டம் முடிந்த கதை மிச்சம் இருக்கிறது. லிஃப்ட்டில் முதலில் வேறு யாரோ போக வேண்டுமாம். கூட்டம் கலையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த நேரத்தில் அக்காவுக்கான கழிப்பறையைத் தேடினேன். இருந்தது, பூட்டியிருந்தது. சாவி வந்து திறந்தபோது உள்ளே துடைப்பங்களும் வாளிகளும்.

வெளியேறும் வழி சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கப் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்ததைப் படிக்கட்டும். மேலே சொன்ன பச்சை வழிகாட்டி அதன் பிறகுதான், 1973இல், பிறந்தது. 1985இல் பிராட்ஃபோர்டில் மர கேலரி தீப்பிடித்தபோது பின்பக்க வாயில்கள் பூட்டியிருந்தன. 56 பேர் இறந்தார்கள். தீ என்றால் சாதாரண லிஃப்ட்டையும் பயன்படுத்தக் கூடாது. அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே காத்திருப்பார், யார் வந்து இறக்குவார்கள்? அன்று பணியாளர் ஒருவரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் நடக்காது சார்" என்றார்.

‘வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாமே’ என்று எழுத இந்நேரம் யாராவது விரலைத் தூக்கியிருப்பார்கள். என் உறவினர்களே சொல்லியாயிற்று. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் சங்கமும் அதே ரகம். வாசலில் மூன்று படிகள். சாய்தளம் வேண்டும், செலவையும் நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முகப்பின் அழகு கெட்டுவிடுமாம். முகப்பில் இருப்பது ஒரு சிமென்ட் அன்னம், அதற்கும் ஒரு சிறகு இல்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும்.

கேள்வி கேட்டவருக்கு: ஒப்படைப்புக்காக ஏதாவது அரங்கத்துக்குப் போனால், வான்வழிப் படத்தை நகலெடுத்து ஒட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சக்கர நாற்காலி மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். நண்பர்கள் நான்கு பேரை முன்வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். கம்பியை அளக்க ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள்.

எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "கழிப்பறைச் சாவி யாரிடம் என்றும் கேட்கச் சொல்" என்கிறாள்.