டர்பன் உறவினர் எட்டுப் பேர், ஆறு நாள், ஒரு வேன்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "தைப்பூசக் காவடிக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என் கணவரின் சித்தப்பா குடும்பம் வருகிறது. மொத்தம் எட்டுப் பேர். சித்திக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. கடைக்குட்டிக்கு 9 வயது. இந்த ஆண்டு என் தம்பி காவடி எடுக்கிறான். அதைப் பார்ப்பதோடு நம் தீவின் விலங்கு, பறவைகளையும் அவர்களுக்குக் காட்ட ஆசை. ஒரு சுற்றுலா நிறுவனம் ஆறு நாளுக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறது: சிங்கத்தோடு உலா, டால்ஃபினோடு நீச்சல், ஏழு வண்ண மண், கிராண்ட் பாசின், கடைசியில் ரொட்ரிக்ஸ் தீவு இரண்டு நாள். 25 பேர் போகும் பஸ். எங்களுக்கு மட்டும் தனி வேன் என்றால் கூடுதல் பணம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?"

தனி வேனையே எடுங்கள், சகோதரி. கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் சரி. அதை ஈடுகட்ட அந்தப் பட்டியலில் பாதியை வெட்டிவிடலாம். எதை வெட்டலாம் என்று சொல்கிறேன்.

நான் வழிகாட்டியாகத் தொழில் தொடங்கிய புதிதில் ஒரு நிறுவனத்துக்காக 28 பேரை ஒரே பஸ்ஸில் காட்டுக்கு அழைத்துப் போனேன். முதல் ஆள் இறங்கி, கடைசி ஆள் குடையைத் தேடி எடுத்து வருவதற்குள் பறவையெல்லாம் கலைந்துவிட்டது. பின்னால் நின்றவர்களுக்கு நான் பேசியதும் கேட்கவில்லை. நம் காட்டு உயிர்கள் சின்னவை, கூச்சமுள்ளவை. எட்டுப் பேர் என்றால் ஒரே பாதையில் ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நிற்க முடியும். சித்தி உட்கார வேண்டுமென்றால் எல்லோரும் உட்காரலாம். அதற்கு மேல் ஆள் கூடினால் பார்க்கக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

முதலில் வெட்ட வேண்டியது சிங்கம். டர்பனிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காப்பகம் இருக்கிறது. உங்கள் விருந்தினர்கள் அங்கே சிங்கத்தைக் காட்டிலேயே பார்க்கலாம். நம் தீவில் சிங்கம் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் காப்பகத்துக்கும் நமக்கும் வேறு ஓர் ஒற்றுமை உண்டு, அதை அவர்களுக்குச் சொல்லுங்கள். வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிப்போய், இம்ஃபோலோசியில் காப்பாற்றப்பட்டு, அங்கிருந்துதான் மறுபடி பரவியது. இங்கே மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு 1974-இல் நான்கே நான்கு மிஞ்சியிருந்தது. காடு அழிந்ததும், மலேரியாக் கொசுவுக்கு அடித்த டிடிடி மருந்தும் அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன. கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் 1979-இல் இங்கு வந்து, கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து அடைகாக்கும் கருவியில் பொரிக்க வைத்தார். தாய்ப் பறவை மறுபடி முட்டையிட்டது. அதற்கு வெள்ளைச் சுண்டெலி தின்னக் கொடுத்துத் தெம்பேற்றினார்கள். இன்று நூற்றுக்கணக்கில் பறக்கும் கெஸ்ட்ரல் எல்லாம் அந்த ஒரு கைப்பிடியின் வம்சம். காண்டாமிருகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

ஆறு நாளில் எனக்கு மிக முக்கியமானது ஈல் ஓ எக்ரெத் நாள். மாயேபூர் பக்கம் புவான்ட் ஜெரோமிலிருந்து படகில் சில நிமிடங்கள்தான். 26 ஹெக்டேர் பவளப்பாறைத் தீவு. டச்சுக்காரர்கள் கால் வைப்பதற்கு முன் நம் கரையோரக் காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். மொரீஷியஸ் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்னும் வனவிலங்குக் காப்பு அமைப்பு எலிகளை ஒழித்து, களைகளைப் பிடுங்கி, கன்று கன்றாக நட்டு மீட்டெடுத்த காடு அது. அவர்களின் வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். முன்பதிவு கட்டாயம், காலைப் படகைக் கேளுங்கள். பாதை பெரும்பாலும் சமதளம், கருங்காலி மர நிழலும் உண்டு. சித்தி மெதுவாக நடந்துவிடுவார். அவரது முழங்கால் பற்றிப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

அங்கே இருக்கும் பெரிய நிலத்தாமைகள் சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்தவை. வெளிநாட்டு ஆமை எதற்கு என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். நமக்கென்று இருந்த இரண்டு இன ஆமைகளையும் கப்பல்காரர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள். அந்த ஆமைகள் கருங்காலிப் பழத்தைத் தின்று, விதையைத் தூரத்தில் போட்டு வந்தன. அவை போனதும், மரம் நின்ற இடத்திலேயே பழம் விழுந்து அழுகியது. அல்டாப்ரா ஆமையை விட்ட பிறகு விதை மறுபடி நகர்ந்தது. ஆமையின் வயிற்றைக் கடந்து வரும் விதை இன்னும் நன்றாக முளைப்பதையும் கண்டார்கள். ஆமைச் சாணத்தில் கருங்காலிக் கன்று முளைத்திருந்தால் வழிகாட்டியைக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தீவில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் பத்தோ என்னவோதான் இருந்தன. பயப்படாத பறவை, தலைக்கு மேல் கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். கடைக்குட்டிக்கு அதைவிட அரணை பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் ரவுண்ட் தீவில் மட்டும் மிஞ்சியிருந்த தெல்ஃபேர் அரணை, இங்கே காலடியில் ஓடும். எதற்கும் தின்ன எதுவும் போட வேண்டாம். 2020-இல் வகாஷியோ கப்பல் தட்டி எண்ணெய் கசிந்ததும் இந்தக் கடலில்தான். கரும்புச் சோகையைச் சாக்கில் அடைத்து மிதவை கட்டியவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். அதை அவர்களே வாய்விட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். இந்த நாளைத் திங்கட்கிழமையில் வைத்தால் படகிலிருந்து இறங்கியதும் மாயேபூர் சந்தை.

அடுத்த நாள் தென்மேற்கு மலைப்பாதை. பெத்ரினில் பாதுகாக்கப்பட்ட புதர்க்காடு, அதற்குப் பக்கத்திலேயே கிராண்ட் பாசின் புனிதக் குளம். சிவராத்திரிக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது, சித்தி குளக்கரையில் நிம்மதியாகக் கும்பிடலாம். அங்கிருந்து பிளாக் ரிவர் கோர்ஜஸ் பார்வைமேடை. பள்ளத்தாக்கின் மேல் நீள வால் வெள்ளைப் பறவை மிதந்து போனால், அதுதான் நாம் பாய்-ஆன்-கே என்று சொல்வது. வண்டி நிறுத்தத்திலிருந்து சில அடி நடந்தாலே பார்த்துவிடலாம். குரங்குக்குப் பயந்து பையை மூடி வையுங்கள். அந்தக் குரங்கு இந்த மண்ணுக்கு உரியதல்ல. பறவை முட்டைகளையும் தின்றுவிடும், அதற்குப் பழம் நீட்டுவது பெரிய தவறு. மாலையில் ஷமாரேலில் எபனி ஃபாரஸ்ட் என்னும் காப்புக்காடு. அங்கே ஜீப்பில் மேலே போகலாம், எக்கோ கிளியைப் பார்க்கவும் நல்ல வாய்ப்பு. ஏழு வண்ண மண் பக்கத்தில்தான், அரை மணி நேரம் போதும்.

டால்ஃபின் நீச்சலையும் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, காலையில் ஓய்வுக்காகத்தான் அவை தமரின் கரைக்கு வருகின்றன. அந்த நேரத்தில் படகுகள் சூழ்ந்து, ஆட்கள் மேலே குதித்தால் அவற்றுக்குத் தூக்கமே இல்லை. நான் பல காலமாக யாரையும் அதற்கு அனுப்புவதில்லை.

அதற்குப் பதிலாகக் காசில்லாத ஒன்று. சாயங்காலம் உங்கள் வீட்டு மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருங்கள். இருட்டுகிற நேரத்தில் பழந்தின்னி வௌவால்கள் வரும். பழத்துக்காக வருகிறதே என்று நமக்குக் கோபம் உண்டு, 2015 முதல் அரசும் அவற்றைப் பலமுறை கொன்றிருக்கிறது. ஆனால் நம் காட்டு மரங்கள் பலவற்றின் விதையைச் சுமந்து பரப்புவது அவைதான். உங்கள் கூரைக்கு மேலே பறப்பது அழியும் நிலையில் உள்ள ஓர் இனம் என்பது டர்பன் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

போர்ட் லூயிஸுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். காலையில் அப்ரவாசி காட். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய இடம். 1860-இல் மதராசிலிருந்து டர்பன் போன முதல் கப்பல் ட்ரூரோ. இங்கேயும் அங்கேயும் இறங்கிய தமிழர்களில் பலர் ஒரே துறைமுகத்துச் சனங்கள்தானே. பெரியவர்களிடம் மூதாதையரின் பெயர், ஊர், கப்பல் எதாவது தெரியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள், அந்தப் படிகளில் நிற்கும்போது பேச்சு தானாக வரும். அப்புறம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ஒரே பறவையின் எலும்புகளால் ஆன முழு டோடோ எலும்புக்கூடு உலகில் இங்கே மட்டும்தான். அதைத் தேடி எடுத்தவர் திரியூ என்ற முடிதிருத்தும் தொழிலாளி. வெயில் தாழ்ந்ததும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில். செலவுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டும்போது, அதில் தமிழ் எழுத்தையும் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் முகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சரி, இனி காவடி. நிறுவனத்தின் பட்டியலில் "கலாச்சாரம்" என்று போட்டிருப்பதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை, அது உங்கள் வீட்டில் நடக்கிறது. ஆனால் தம்பி பத்து நாள் விரதத்தில் இருப்பான், வீடே அமைதியாக இருக்க வேண்டிய காலம் அது. ஆகவே பூசம் ஐந்தாம் நாளாக அமையும்படி விருந்தினர்கள் முன்பே வரட்டும். முதல் மூன்று நாளும் அவர்கள் வேனில் சுற்றட்டும், வீட்டில் இருப்பவர்களை இழுக்க வேண்டாம். நான்காம் நாள் அவர்களையும் வீட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: காவடிக்குப் பூக்கட்டுவது, எலுமிச்சை கோப்பது, பால் செம்பு துலக்குவது என்று கைவேலை கொடுங்கள். அது வேடிக்கை பார்ப்பதைவிட நூறு மடங்கு மேல். அந்த நாட்களில் அவர்களும் சைவமாக இருப்பது மரியாதை. பூசத்தன்று சித்தியை ஊர்வலத்தில் நடக்கவிட வேண்டாம், கோயிலில் நிழலில் உட்கார வைத்து, தம்பி வந்து சேரும்போது பார்க்கட்டும். கோர் தெ கார்த் மலைக்கோயில் படிகள் அவருக்கு ஆகாது. ஆறாம் நாள் ஓய்வு. வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்ட உடம்புக்கு வேறு திட்டம் தேவையில்லை.

ரொட்ரிக்ஸ் இந்த முறை வேண்டாம். அழகான தீவுதான், அதற்கென்றே ஐந்து நாள் வைத்துக் குளிர்மாதத்தில் போக வேண்டும். இது புயல் பருவம். விமானம் ரத்தானால் காவடியையே தவறவிடுவார்கள். வேன்காரரிடமும் இதைப் பேசுங்கள்: 3-ஆம் எச்சரிக்கை வந்தால் யாரும் ஓட்ட மாட்டார்கள், அந்த நாளுக்கான பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். புறப்படும் நேரம் காலை ஆறரையா ஒன்பதா என்றும் கேளுங்கள், ஒன்பது என்றால் பறவை இல்லை. உள்நாட்டுப் பறவைகளில் ஐந்தின் பெயரைச் சொல்லத் தெரியாத வழிகாட்டி வேண்டாம்.

ஈல் ஓ எக்ரெத் படகை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். அதற்கு முந்தைய இரவு எல்லோருடைய செருப்பு, ஷூ அடியையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சேற்றில் ஒட்டிவரும் ஒரு சீனக் கொய்யா விதை போதும், அந்தக் காட்டில் பிடுங்க இன்னொரு களை முளைத்துவிடும். கடைக்குட்டியிடம் இந்த வேலையைக் கொடுங்கள், நன்றாகச் செய்வான்.