வாசகர் கேள்வி – பதில்: ஓடு வேய அனுமதி இல்லாத தலைவர்

கேள்வி: ஜப்பானின் ஒகினாவாத் தீவில் ‘நகமுரா வீடு’ என்ற பழைய ஊர்த் தலைவர் வீட்டின் படத்தைப் பார்த்தேன். சிவப்பு ஓட்டுக் கூரை, அதன்மேல் ஒரு சிங்கம். நம் மொரீஷியஸைப் போலவே அங்கும் புயல் அடிக்குமே, எப்படி நிற்கிறது? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: கூரையை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய வீடு. கிழக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் சுண்ணாம்புக்கல் மதில். அதன் உட்புறம் ஃபுகுகி மரவரிசை. குடம்புளி, மங்குஸ்தான் இனத்து மரம். இலை தடிப்பு, அடர்த்தி அதிகம். வடக்கே மேட்டுச் சரிவு. காற்று கூரையைத் தொடும் முன்பே பாதி வலுவை இழந்துவிடும். வீடும் தாழ்வான ஒற்றைத் தளம். தூண்களுக்குக் கறையான் எளிதில் அரிக்காத ‘சாகி’ மரம்.

1945 போரில் ஒகினாவா நொறுங்கியபோதும் இவ்வீடு தப்பியது. 1972இல் ஜப்பானிய அரசு இதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

கேள்வி: தலைவர் வீடு என்பதால்தான் ஓடா?

பதில்: இல்லை, அதுதான் வேடிக்கை. ஒகினாவாவை முன்பு ஆண்ட ரியூக்யூ அரசு காலத்தில் ஓடு என்பது தகுதிச் சின்னம்; சாதாரணக் குடிமக்களுக்குத் தடை. பல ஊர்களை மேற்பார்த்த தலைவராக இருந்தும் நகமுரா குடும்பத்தார் சாதாரணக் குடிமக்களே. கூரை வேய்ந்தது புல்லாலும் மூங்கிலாலும். 1889இல் தடை நீங்கிய பிறகே ஓடு ஏறியது. அதே அரசுக்கு உட்பட்ட இஷிகாகித் தீவில் 1819இல் எழுந்த மியாரா வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே துணிந்தார்கள். தகுதிக்கு மீறியது என்று ஐந்து முறை உத்தரவு வந்து, 1875இல் ஓட்டை இறக்கிப் புல் வேய்ந்தார்கள்.

கேள்வி: எங்கள் பழைய மர வீட்டுத் தகரத்தை எடுத்துவிட்டு அதேபோல் ஓடு போடலாமா? (வாசகர், மாஹேபூர்)

பதில்: அப்படியே மாற்றாதீர்கள். தகரத்துக்கு இட்ட கைமரம் ஓட்டுப் பாரத்தைத் தாங்காது. நடுவில் தொய்ந்து, ஓடுகள் விலகி, மழை உள்ளே இறங்கும். முதலில் மரச்சட்டத்தையும் சுவரையும் பொறியாளர் பார்க்கட்டும்.

ஒகினாவா முறை இது: தமிழ்நாட்டின் நாட்டு ஓடுபோல ஒன்று மல்லாந்து, அடுத்தது இணைப்பின்மேல் கவிழ்ந்து அமரும். இணைப்புகளை ‘முச்சி’ என்ற சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பார்கள். சுட்ட சுண்ணாம்பும் வைக்கோலும் தண்ணீரோடு கலந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஊறும். வைக்கோல் மசிந்து நாராகி விரிசலைத் தடுக்கும். அவசரப்பட்டு முன்பே பூசினால் நீறாத சுண்ணாம்புக் கட்டிகள் பின்னால் ஈரம் பட்டு வீங்கிப் பூச்சைப் பெயர்த்துவிடும். சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகே போகாதீர்கள்.

கூரைச் சிங்கம் ‘சீசா’: மிஞ்சிய ஓட்டுத் துண்டும் இதே சாந்தும் கொண்டு கொத்தனார் செய்வது. நம் கோயில் சுதை வேலைக்கு நெருங்கிய உறவு.

தகரத்தையே வைத்துக்கொள்வதானால், விளிம்பு, மூலை, முகடு மூன்றையும் புயல் காலத்துக்கு முன், அக்டோபருக்குள் சோதியுங்கள். காற்று முதலில் பிடித்துத் தூக்குவது அங்கேதான். ஆணி தளர்ந்த இடத்தில் வாஷரோடு திருகாணி போடுங்கள். அதே ஓட்டையில் மறுபடி அடித்த ஆணி பிடிக்காது.

கேள்வி: நகமுரா வீட்டு வாசலுக்கு நேரே குறுக்குச் சுவர் ஏன்?

பதில்: ‘ஹின்புன்’. தெருப் பார்வையையும், நம்பிக்கைப்படி தீய ஆவியையும் மறைக்கும். வந்தவர் சுவரைச் சுற்றித்தான் முற்றத்துக்குப் போகவேண்டும்.

கேள்வி: அங்குள்ள தானியக் களஞ்சியத்தில் எலி ஏறாதா?

பதில்: தூண்களின்மேல் உயர்த்திய களஞ்சியம். சுவர்ப் பலகை மேலே போகப்போக வெளிப்பக்கம் சாயும். ஏறும் எலி வழுக்கி விழும்.