கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவருக்கு நாம் ஏன் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, மறையூர்ப் பக்கம் தேர்தல் முடிந்ததும், பொள்ளாச்சி, உடுமலைச் சொந்தக்காரர்கள் கேட்பது இதைத்தான்: "யார் பிரசிடெண்ட்?" அன்றைக்கே அதற்குப் பதில் இருக்காது.

கேரளத்தில் கிராம வாக்காளருக்கு மூன்று ஓட்டு: கிராமப் பஞ்சாயத்து வார்டு, பிளாக், மாவட்டம். தலைவருக்கென்று தனி ஓட்டு கிடையாது. ஜெயித்த வார்டு உறுப்பினர்கள் பதவியேற்று, பிறகு தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெருவுக்கு ஒருவரை அனுப்பி, அவர்கள் கூடி உட்கார்ந்து திருவிழாக் கமிட்டித் தலைவரை முடிவு செய்வது மாதிரி.

தமிழ்நாட்டில் கிராமத் தலைவருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? 73-வது அரசியல் சாசனத் திருத்தம் பிளாக், மாவட்டத் தலைவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. கிராமத் தலைவரை மட்டும் மாநிலச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. தமிழ்நாடு நேரடி ஓட்டை வைத்துக்கொண்டது. கேரளம் 1994 சட்டத்தில் உறுப்பினர்கள் வழியாக என்றது. அதனால் இங்கே பெரும்பான்மை உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து தலைவரை இறக்கிவிடலாம். கூட்டணி மாறினால் நாற்காலியும் மாறும். வார்டிலேயே கட்சிச் சின்னம் இருப்பதால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரியும்; அது நல்லதுதான் என்பேன். தமிழ்நாட்டில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிறது. சரி, தலைவர் தேர்வில் இரு பக்கமும் சமமாக நின்றால்? சீட்டுக் குலுக்கல்தான்.

அப்புறம், அதிக வார்டு பிடித்த கட்சிக்கே தலைவர் பதவி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்து, அக்கட்சியில் அப்படி ஒருவரும் ஜெயிக்கவில்லை என்றால், அது எதிரணி உறுப்பினருக்கும் போகலாம்.