மூன்று மணி நேரம் உட்காருவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி தோற்பதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பார்ப்பது பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் சான் ஹோசேயில் பதினாறு வருடமாக இருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஆபீஸில் எல்லோரும் பேசும்போது முழிக்கக் கூடாதே என்றுதான் அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

எங்கள் ஊர் அணியின் வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்து, 2016இல் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் டி.வி.யில் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) பார்ப்பவர்கள் குறைந்தார்கள். "அரசியல் உள்ளே வந்தது, ஜனம் வெளியே போய்விட்டது" என்று என் நண்பர் ஒருவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. மறுத்துப் பேசவும் தெரியவில்லை.

இன்னொன்று. என் மகனுக்கு வயது பதினாறு. ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் எந்த வீரர் எத்தனை கெஜம் ஓடினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இவன் பார்வையாளன்தானா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

மகனைப் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். டி.வி. பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தைக் கேட்டால், உங்கள் மகன் பூஜ்யம். ஃபோனில் பார்க்கும் இரண்டு நிமிட ஹைலைட்ஸ் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் வீட்டில் அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவன் அவன், கணக்கில் இல்லாதவனும் அவனே.

உங்கள் நண்பருக்கான பதிலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2015 சீசனில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 1.79 கோடி பேர். 2016இல் 1.65 கோடி, 2017இல் 1.49 கோடி. இதைக் கேட்டதும் நாம் என்ன நினைக்கிறோம்? இரண்டே வருடத்தில் முப்பது லட்சம் பேர் டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்று. அப்படி இல்லை. இது தலை எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எடுத்து, அத்தனை நிமிடங்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. சபாவில் கச்சேரிக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப்பேர் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள் என்றால், நீல்சன் கணக்குப்படி கச்சேரிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. வந்தவர்கள் என்னவோ முந்நூறு பேர்தான்.

2016இல் நடந்தது பெரும்பாலும் இந்தக் கேன்டீன் விவகாரம். ஆட்டத்தை எட்டிப்பார்த்தவர்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. உட்கார்ந்திருந்த நேரம்தான் குறைந்தது.

நண்பர் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். ஜே.டி. பவர் நிறுவனம் 2017இல் ரசிகர்களைக் கேட்டது. போன சீசனில் குறைவாகப் பார்த்தோம் என்றவர்கள் 12 சதவீதம். அதற்கு முழங்காலிட்டதைக் காரணமாகச் சொன்னவர்கள் அந்த 12 சதவீதத்தில் 26 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று பேர். அதே ஆண்டு செப்டம்பரில் ட்ரம்ப் ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில் முழங்காலிடும் வீரர்களைத் திட்டியபிறகு சூடு இன்னும் ஏறியது என்பதும் உண்மை. ஆனால் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். வழக்கமான ஆட்டங்களில் கீதம் பாடும் நேரத்தை டி.வி.யில் காட்டுவதே அபூர்வம், அப்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். ஜனம் கோபப்பட்டது பெரும்பாலும் செய்திச் சேனலைப் பார்த்து.

அந்தச் செய்திச் சேனல்தான் 2016இல் பெரிய எதிரி. செப்டம்பர் 26, திங்கட்கிழமை இரவு, ஒரு பக்கம் அட்லான்டாவும் நியூ ஆர்லியன்ஸும் மோதிய ஆட்டம். இன்னொரு பக்கம் கிளின்டனும் ட்ரம்பும் மோதிய முதல் அதிபர் தேர்தல் விவாதம். விவாதத்தைப் பார்த்தவர்கள் 8.4 கோடி. நவம்பரில் தேர்தல் முடிந்ததும் கால்பந்தின் சரிவும் வெகுவாகக் குறைந்துவிட்டது. நட்சத்திர வீரர் பெய்ட்டன் மானிங் அந்த வருடம் ஓய்வுபெற்றதும், இன்னொரு நட்சத்திரமான டாம் பிரேடி முதல் நான்கு ஆட்டங்களுக்குத் தடையில் இருந்ததும் கொஞ்சம் சேர்ந்துகொண்டன.

இதெல்லாம் ஒரு வருடக் காரணங்கள். ஜனம் ஏன் நடுவில் எழுந்து போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்கு என் பக்கத்து வீட்டு நிலவறைக்கு வர வேண்டும்.

பெரியவர் ஸ்டீல் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். டி.வி. நிலவறையில் இருக்கிறது, அதற்குப் பின்னால் வாஷிங் மெஷின். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் துணி துவைப்பதையும் அவர் சேர்த்தே வைத்துக்கொள்வார். எதிரணி டச்டவுன் (நம்மூரில் கோல் மாதிரி) போடும். (எங்கள் அணியைப் பொறுத்தவரை எதிரணிதான் போடும்.) உடனே விளம்பரம். பெரியவர் எழுந்து போய் ஈரத்துணியை வாரி டிரையரில் போடத் தொடங்குவார். திரும்ப ஆட்டம் வரும், ஒருவர் பந்தை உதைப்பார், அது எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் விழும், யாரும் ஓட மாட்டார்கள், யாரும் யாரையும் தொட மாட்டார்கள். மறுபடி விளம்பரம். அவர் டிரையர் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தி, சட்டைகளை ஹேங்கரில் மாட்டிவிட்டு வந்து உட்காரும்போது ஆட்டம் இன்னும் தொடங்கியிருக்காது. ஒரு ஆட்டத்தில் பந்து உண்மையாகவே நகரும் நேரம் சுமார் 11 நிமிடம் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010இல் கணக்குப் போட்டுக் காட்டியது. உட்கார வேண்டியதோ மூன்று மணி நேரத்துக்கு மேல்.

1985இல் அந்த இடைவெளியில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை, துணி காயப்போடுவதைத் தவிர. இப்போது கையிலேயே ஃபோன் இருக்கிறது. விளம்பரம் முடிந்து ஆட்டம் திரும்பினாலும் கண் திரும்புவதில்லை. லீக் இதைப் புரிந்துகொண்டு 2017இல் ஒரு ஆட்டத்தில் 21 இடைவேளை என்பதை 16 ஆக்கியது. ஆனால் ஒவ்வொரு இடைவேளையையும் நீட்டிவிட்டது! நம்மூர் பஸ் கம்பெனிக்காரர்கூட இதைவிட நாசூக்காகச் செய்வார்.

இன்னொரு வேலையையும் லீக் தானே செய்துகொண்டது. 2009இல் ரெட்ஸோன் என்று ஒரு சேனல் தொடங்கினார்கள். ஞாயிறு மதியம் எந்த ஊரில் பந்து கோட்டை நெருங்குகிறதோ அந்த ஊருக்குத் தாவும். ஏழு மணி நேரம், விளம்பரமே இல்லை என்பதுதான் பல வருடம் அதன் பெருமையாக இருந்தது. அதில் ஒரு மதியம் உட்கார்ந்து எழுந்தவனால் அடுத்த வாரம் ஒரே ஆட்டத்தை முழுசாகப் பார்க்க முடியாது. எனக்கே முடியவில்லை. நிஜ வீரர்களைப் பொறுக்கிக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தை வைத்துப் புள்ளி எடுக்கும் ஃபேன்டஸி லீக் ஆடுகிறவனுக்கு நிஜ அணியே தேவையில்லை, எட்டு ஊரிலிருந்து பொறுக்கிய எட்டு பேரின் கெஜக்கணக்கு போதும். உங்கள் மகன் சோம்பேறி அல்ல, ஆர். லீக் எப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததோ அப்படிப் பார்க்கிறான்.

கேபிள் டி.வி. இணைப்பை வெட்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்டத்தைக் காட்டும் ஈ.எஸ்.பி.என். 2011இல் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்தது. 2016இல் 9 கோடிக்குக் கீழே போய்விட்டது. அந்த வீடுகளில் யாரும் கால்பந்தை வெறுக்கவில்லை, கேபிள் பில்லைத்தான் வெறுத்தார்கள்.

மூளைக் காயத்தையும் காரணமாகச் சொல்வார்கள். 2017 ஜூலையில் வெளியான பாஸ்டன் ஆய்வில், முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் சி.டி.இ. என்ற சிதைவு இருந்தது. குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானம் கொடுத்த மூளைகள் அவை, ஆகவே எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் செய்தியால் பிள்ளையை ஆட அனுப்பாத பெற்றோரை எனக்குத் தெரியும். பார்ப்பதை நிறுத்திய ஒருவரையும் தெரியாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். 2018இல் 1.58 கோடி, 2019இல் மறுபடி 1.65 கோடி. 2023இல் அமெரிக்க டி.வி.யில் அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93 என்.எஃப்.எல். ஆட்டங்கள். 2021இல் போட்ட 11 வருட ஒப்பந்தங்களின் மதிப்பு 11,000 கோடி டாலருக்கு மேல். ஆட்டம் வளர்ந்ததால் மட்டும் அல்ல. மற்ற நிகழ்ச்சிகளெல்லாம் இதைவிட வேகமாகச் சரிந்ததால், ஒரே நேரத்தில் கோடிப் பேரை உட்காரவைக்க இது ஒன்றுதான் மிஞ்சியது. அதோடு எண்ணும் முறையும் மாறிவிட்டது. 2020 முதல் மதுக்கடையிலும் ஓட்டலிலும் பார்ப்பவர்களை நீல்சன் அந்தச் சராசரியிலேயே சேர்த்துவிடுகிறது. இறங்கியபோது கணக்கை நோண்டிப் பார்க்காதவர்கள் ஏறியபோதும் பார்க்கவில்லை. அதனால் "திரும்பி வந்துவிட்டார்கள்" என்பதையும் உங்கள் நண்பரிடம் கொஞ்சம் அடக்கியே சொல்லுங்கள்.

பெரியவர் எங்கும் போகவில்லை. 2017இல் எங்கள் அணி பதினாறு ஆட்டத்திலும் தோற்றது. சீசன் முடிந்து அடுத்த ஜனவரி 6 அன்று ரசிகர்கள் கொட்டும் குளிரில் ஸ்டேடியத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவில் ஊர்வலம் போனார்கள், வெற்றி விழா மாதிரி. நான் போகலாமா என்று கேட்டேன். "அது பார்க்காதவர்கள் போகிற ஊர்வலம். நான் பதினாறையும் பார்த்தவன்" என்றார்.

2022இல் வியாழக்கிழமை ஆட்டங்கள் அமேசானுக்குப் போனபோது ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார், எந்தச் சேனல் என்று கேட்டு. சேனல் இல்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். அவருடைய பேரன் பக்கத்தில் ஃபோனோடு. எங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) பின்வாங்கிப் பந்தை ஓங்குகிறார், பேரனின் ஃபோன் டிங் என்றது. "டச்டவுன்" என்றான். டி.வி.யில் பந்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இணையத்தில் வரும் படம் அரை நிமிடம் பின்தங்கித்தான் வரும்.

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. ஃபோனை வாங்கி சோபா மெத்தைக்கு அடியில் செருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் கால்பகுதிவரை தரவில்லை.

அன்புடன்.