ஒரு ஸ்டேஷன் போதும்: குறைந்த செலவில் மாடல் ரயில், கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, கையில் காசு குறைவு. எதில் ஆரம்பிக்கலாம்?

இருக்கிற காசை எஞ்சினிலும் தண்டவாளத்திலும் போடுங்கள். அந்த இரண்டும் மட்டமாக இருந்தால் ஒரு மாதத்தில் எல்லாம் பரண் ஏறிவிடும். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். அப்புறம், ஊரையே கட்ட ஆசைப்படாதீர்கள். ஒரு ஸ்டேஷன் போதும். திருச்செந்தூர் மாதிரி பாதை முடிகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆறடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு பலகை. மெயின் லைன் ஒன்று, பக்கத்தில் பிரிந்து மறுபடி சேரும் லூப் ஒன்று, சரக்குக்கு முட்டு லைன் ஒன்று, பாதை பிரிக்கும் பாயிண்ட் மொத்தம் மூன்று. இரண்டு பெட்டியோடு வண்டி வரும், எஞ்சின் கழன்று லூப் வழியாகச் சுற்றி மறுமுனையில் மாட்டும், திரும்பிப் போகும். வண்டி எங்கிருந்து வரும் என்றால், ஓரத்தில் மூன்றடிப் பலகை ஒன்றைச் சேர்த்து அட்டைச் சுவரால் மறைத்துவிடுங்கள். அதுதான் திருநெல்வேலி. வட்டமாக ஓடும் வண்டியைப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் மாற்றுவதில் ஒரு மாலையே போய்விடும்.

வள்ளியூரிலிருந்து: நாலுக்கு இரண்டு அடிப் பலகையில் எச்ஓ ஸ்கேல் வட்டம் வருமா?

வராது. எச்ஓ என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எச்ஓ வளைவில் இறுக்கமானதே சுமார் 36 செ.மீ. ஆரம். விட்டம் 72. உங்கள் பலகையின் அகலம் 61. வட்டம்தான் வேண்டுமென்றால் இன்னும் சின்னதான 'என்' (N) ஸ்கேலுக்குப் போங்கள்.

திருச்செந்தூரிலிருந்து: ஜல்லிக்குப் பதில் தேரிக்காட்டுச் செம்மணல் போடலாமா? நிறம் அருமையாக இருக்கிறது.

நிறத்தில் மயங்கித்தான் நானும் போட்டேன். குதிரைமொழித் தேரியிலிருந்து ஒரு டப்பா அள்ளி வந்து, சலித்து, ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டினேன். பார்க்க அப்படியே செம்மண் காடு. மூன்றாம் வாரம் எஞ்சின் முனகியது. கழற்றினால் மோட்டார் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மீசை! தேரி மணலிலும் நம் கடற்கரை மணலிலும் இல்மனைட் என்னும் இரும்பு கலந்த கறுப்புத் தாது இருக்கிறது. நல்ல காந்தம் அதை இழுக்கும், மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தானே. அதனால் எந்த மணலாக இருந்தாலும் தாளில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். மணல் கூடவே நகர்ந்தால் வேண்டாம். கடற்கரை மணலில் உப்பு வேறு. செங்கல் தூளைச் சலித்துப் போட்டாலும் அதே நிறம் வரும். அதற்கும் காந்தச் சோதனை உண்டு.

தூத்துக்குடியிலிருந்து: மின்சாரத்துக்கு என்ன செய்ய?

12 வோல்ட் டிசி. சாதாரணமாக ஒரு எஞ்சினுக்கு 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிசி மோட்டார் கன்ட்ரோலர் போர்டு கேளுங்கள், மலிவுதான். 230 வோல்ட் கம்பியைப் பலகைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் தண்டவாளத்தைத் தொடாமல் இருக்க மாட்டார்கள்.

செங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்: தம்பி, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஓட்டுவது பொய். நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ. கணக்குப் போட்டுப் பார்.

ஐயா, போட்டாயிற்று. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. 16.5 என்பது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்குச் செய்தது. ஏறக்குறைய 3 மி.மீ. குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: முன்னால் நின்று பார்த்தால் தெரியும், அண்ணாச்சி. ஒல்லிக் காலில் தடியன் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அப்போது முன்னால் நிற்காதீர்கள்.

மறுபடியும் செங்கோட்டை: 19.3-இல் நீயே தண்டவாளம் செய்ய வேண்டியதுதானே?

செய்யலாம். தண்டவாளம் மட்டுமா? ஒவ்வொரு எஞ்சினுக்கும் அச்சை மாற்ற வேண்டும். 'குறைந்த செலவு' என்று தலைப்புப் போட்டுவிட்டு அதைச் சொல்ல முடியுமா? ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு வழி இருக்கிறது. செங்கோட்டை – புனலூர் பாதை 1904-இல் வந்தது மீட்டர் கேஜாகத்தானே? டிடி (TT) என்று எச்ஓவைவிடச் சின்ன ஸ்கேல் ஒன்று உண்டு, அதன் தண்டவாளம் 12 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1044. மீட்டர் கேஜுக்கு (1000 மி.மீ.) இது மிக நெருக்கம். அதில் ஒய்பி நீராவி எஞ்சினும் நாலு பெட்டியும் ஓடினால் நீங்களே கொடி காட்டுவீர்கள். என்ன, அந்தத் தண்டவாளத்தை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

தென்காசியிலிருந்து: அப்படியானால் கணவாய் ஏற்றத்தையும் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தையும் வைக்கலாமா?

பாலம் தாராளமாக வைக்கலாம், தெர்மாகோலில் வெட்டினால் போதும். ரப்பர் பசை மட்டும் தொடக்கூடாது, தெர்மாகோலைத் தின்றுவிடும். ஏற்றம்தான் இடிக்கும். நூறு செ.மீ.க்கு இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறினால் சின்ன எஞ்சின் வழுக்கும். ஒரு பாதை இன்னொன்றின் மேலே போக எட்டு செ.மீ. உயரமாவது வேண்டும். அதற்கு நாலு மீட்டர் ஓட்டம். உங்கள் வீட்டுத் திண்ணை அவ்வளவு நீளமா?

நாங்குநேரியிலிருந்து: நாலுக்கு இரண்டு பலகையில் எச்ஓ...

வராது. வள்ளியூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சாத்தான்குளத்திலிருந்து: பனைமரம் எப்படிச் செய்ய? கடையில் தென்னைதான் இருக்கிறது.

இதுதான் கேள்வி! பனை இல்லாமல் என்ன நம்ம ஊர்? ஒரு புதுப் பென்சில் எடுங்கள். நீளம் சுமார் 17.5 செ.மீ., எச்ஓ கணக்கில் 15 மீட்டர் பனை. தடிமனும் சரியாக வரும். பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, கரியும் சாம்பலும் கலந்து பூசி, கத்தி முனையால் வளையம் வளையமாகக் கீறுங்கள். ஓலைக்குப் பச்சைத் தாளை நாணயம் அளவு வட்டமாக வெட்டி, விசிறி மாதிரி மடித்து, ஓரத்தைப் பல்பல்லாக நறுக்கி, ஈர்க்குத் துண்டில் ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு முப்பது ஓலையாவது வேண்டும், பத்தோடு நிறுத்தினால் குடை மாதிரி இருக்கும். அடியில் நாலைந்து ஓலையைக் காய்ந்த நிறத்தில் தொங்கவிடுங்கள். ஆறடிப் பலகைக்கு ஏழு மரம் போதும், வரிசையாக நடாதீர்கள்.

கூடங்குளத்திலிருந்து: இருபது பெட்டி வைத்து ஓட்ட ஆசை.

ஐசிஎஃப் (பெரம்பூர் தொழிற்சாலை) பெட்டி ஒன்று எச்ஓவில் 24 செ.மீ.க்கு மேல். இருபது என்றால் எஞ்சின் இல்லாமலே ஐந்து மீட்டர். மொட்டை மாடிக்குப் போங்கள்.

உவரியிலிருந்து: எங்கள் கடற்கரை மணல் சலித்தே கிடைக்கிறது, அதைப் போட்டால்...

காந்தம். காந்தம். காந்தம்.

களக்காட்டிலிருந்து: நாலுக்கு இரண்டு...

கரண்ட் போய்விட்டது. மீதி அடுத்த ஞாயிறு.